நவம்பர் 1, 1954: புதுச்சேரியில் கொடி இறங்கியது, அல்ஜீரியாவில் குண்டு வெடித்தது. ஏன் இந்த வேறுபாடு?

கடற்கரைச்சாலை | நவம்பர் 2, காலை 7.40

நேற்று புதுச்சேரியில் விடுதலை நாள். வழக்கம்போல் அணிவகுப்பு, கொடியேற்றம், மிட்டாய். வீட்டுக்கு வந்து பழைய புத்தகம் ஒன்றைப் புரட்டியபோதுதான் இத்தனை ஆண்டுகள் கண்ணில் படாமல் போன ஒன்று பட்டது. 1954 நவம்பர் 1 அன்று, அனைத்துப் புனிதர் திருநாளில், இங்கே பிரெஞ்சு நிர்வாகம் இந்தியாவின் கைக்கு மாறியது. அதே நாள் விடியுமுன் அல்ஜீரியாவில் தேசிய விடுதலை முன்னணி பல இடங்களில் தாக்குதல் நடத்திப் போரைத் தொடங்கியது. ஒரே பிரான்ஸ், ஒரே பிரதமர் மெந்தேஸ் பிரான்ஸ். அக்டோபர் 21-இல் நம்மைக் கைமாற்றிக் கொடுக்க ஒப்பந்தம் போட்ட அதே மனிதர், நவம்பர் 12-இல் தம் நாடாளுமன்றத்தில் நின்று, அல்ஜீரிய மாவட்டங்கள் குடியரசின் பகுதி, அங்கே சமரசத்துக்கு இடமில்லை என்கிறார்.

இங்கே கிழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்தார்கள். 170 பேர் இணைப்புக்கு ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. காரியம் முடிந்தது. அங்கே ஏழரை ஆண்டுப் போர். அல்ஜீரிய அரசு 15 லட்சம் உயிர் என்கிறது; பிரெஞ்சு வரலாற்றாளர்கள் மூன்று, நான்கு லட்சம் என்கிறார்கள். குறைந்த கணக்கை எடுத்தாலும் நெஞ்சு அடைக்கிறது.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். அல்ஜீரியத் தலைவர்கள் இன்னும் பத்து ஆண்டு பொறுத்திருந்தால் காலம் தானாகவே கனிந்திருக்கும். 1960-க்குள் ஆப்பிரிக்காவில் பிரான்ஸ் வைத்திருந்த பெரும்பாலான நாடுகளுக்கு விடுதலை கிடைத்துவிட்டது. துப்பாக்கியைக் கையில் எடுத்தவர்கள் பிறகு அதைக் கீழே வைக்கவே இல்லை என்பதுதான் அந்த நாட்டின் பின்கதை. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் வரலாம்.

கள்ளிச்செடி | நவம்பர் 2, காலை 9.15

வந்துவிட்டேன் ஐயா. முப்பது ஆண்டுகள் பள்ளியில் வரலாறு கற்பித்தவள் என்பதால் கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன்.

புதுச்சேரியில் குடியிருந்த வெள்ளையர் எத்தனை பேர்? ஞாயிறு பூசைக்கு ஒரே கோவிலில் உட்கார வைத்துவிடலாம். அல்ஜீரியாவில் 1954-இல் ஏறத்தாழ 10 லட்சம் ஐரோப்பியர். முஸ்லிம்கள் 80 லட்சத்துக்கு மேல். ஒன்று வணிகத்துக்கு வந்து கோட்டை கட்டிய இடம், மற்றொன்று நிலத்துக்கு வந்து ஊரையே எடுத்துக்கொண்ட இடம். இரண்டுக்கும் ஒரே மருந்து எழுதித் தருகிறீர்கள்.

அந்த நிலம் எப்படிக் கிடைத்தது என்று பாருங்கள். 1830 ஜூலை 5-இல் அல்ஜியர்ஸ் விழுந்தது. அமீர் அப்துல் காதிர் 1847 வரை எதிர்த்துப் போராடிச் சரணடைந்தார். 1871-இல் மொக்ரானி தலைமையில் கபீலியப் பகுதி கிளர்ந்தெழுந்தபோது 3 கோடியே 60 லட்சம் பிராங்க் தண்டம் விதித்தார்கள். கட்ட முடியாதவன் நிலத்தை விட்டான்; கட்டியவன் ஆட்டையும் மாட்டையும் விற்றுவிட்டுக் கூலிக்குப் போனான். 1873-இல் வந்த வார்னியே சட்டம் குலத்துக்குப் பொதுவாக இருந்த நிலத்தைத் தனிப் பட்டாவாகப் பிரித்தது. பட்டா வந்தால் விற்கலாம், விற்கலாம் என்றால் வாங்க வெள்ளைக்காரன் தயாராக நிற்பான். கோதுமை விளைந்த மண்ணில் திராட்சைக் கொடி ஏறியது. மது அருந்தாத மக்களின் நாடு உலகத்துக்கே ஒயின் ஏற்றுமதி செய்தது. இதைவிடச் சுருக்கமாகக் குடியேற்றத்தை விளக்க எனக்குத் தெரியவில்லை.

"பொறுத்திருக்கலாம்" என்கிறீர்கள். பொறுத்தார்களே! ஃபெர்ஹாத் அப்பாஸ் என்ற மருந்தாளுநர், பிரெஞ்சில் சிந்தித்தவர், பிரெஞ்சுக்காரியை மணந்தவர். 1936-இல் அவர் எழுதியது என்ன? அல்ஜீரியத் தேசம் என்று ஒன்று உண்டா என்று வரலாற்றைக் கேட்டேன், உயிரோடு இருப்பவர்களையும் இறந்தவர்களையும் கேட்டேன், கல்லறைகளுக்கும் போனேன், யாரும் எனக்குச் சொல்லவில்லை என்ற பொருளில் எழுதினார். அவர் கேட்டது குடியுரிமை, அவ்வளவே. அதே ஆண்டு ப்ளூம்–வியொலெத் மசோதா வந்தது. படித்தவர், படைவீரர் என்று இருபதாயிரத்துச் சொச்சம் முஸ்லிம்களுக்கு மட்டும் முழு வாக்குரிமை தரும் மசோதா. முஸ்லிம்களில் நூற்றில் ஒருவருக்குக்கூட இல்லை! குடியேறிகளின் மேயர்கள் ஒட்டுமொத்தமாகப் பதவி விலகுவோம் என்று மிரட்டினார்கள். நாடாளுமன்றம் அதை விவாதத்துக்கே எடுக்கவில்லை.

பொறுமையாளர் அப்பாஸ் 1956-இல் கெய்ரோ போய் விடுதலை முன்னணியில் சேர்ந்தார். 1958-இல் அதன் தற்காலிக அரசுக்கு முதல் தலைவரும் ஆனார். அவரை அங்கே தள்ளியது யார்?

ஒற்றைவரி | நவம்பர் 2, காலை 9.31

178 பேர் வாக்களித்ததை "மக்கள் தீர்ப்பு" என்று எழுதாததற்கு கடற்கரைச்சாலை ஐயாவுக்கு நன்றி. நீங்கள் நடக்கும் அந்தச் சாலைக்கே 1954 மார்ச் வரை பிரெஞ்சுப் பக்கம் நின்றுவிட்டு அப்புறம் இந்தப் பக்கம் தாவிய அரசியல்வாதி குபேரின் பெயர்தானே!

கடற்கரைச்சாலை | நவம்பர் 2, மதியம் 1.05

ஒற்றைவரி, சாலைக்கு நான் பெயர் வைக்கவில்லை. நடக்க மட்டும் செய்கிறேன்.

கள்ளிச்செடி அம்மா, நிலக் கதையில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். துனிசியாவிலும் மொராக்கோவிலும் ஐரோப்பியக் குடியேறிகள் லட்சக்கணக்கில் இருந்தார்களே? இரண்டுக்கும் 1956 மார்ச்சில் விடுதலை கிடைத்தது. ஏழரை ஆண்டுப் போர் இல்லை. ஆகக் குடியேறிகள் இருந்தால் போர் தவிர்க்கவே முடியாது என்ற உங்கள் வாய்பாடு பக்கத்து வீட்டிலேயே பொய்த்துவிடுகிறது.

அப்புறம், முன்னணி யாரைக் கொன்றது என்பதையும் பேச வேண்டும். 1955 ஆகஸ்ட் 20, பிலிப்வில் பகுதி. எல் ஹாலியா சுரங்கக் குடியிருப்பில் குழந்தைகளைக்கூட வெட்டினார்கள். அந்த நாளில் மொத்தம் 123 பேர் பலி, அதில் 71 பேர் ஐரோப்பியர். 1957 மே மாதம் மெலூசா அருகே ஒரு கிராமம். செத்த ஏறத்தாழ 300 பேரும் முஸ்லிம்கள். போட்டி இயக்கத்தை, அதாவது மெஸ்ஸாலி ஹாஜ் ஆட்களை, ஆதரித்ததுதான் அவர்கள் குற்றம். 1926-இல் தோன்றி, விடுதலை என்ற சொல்லை வெளிப்படையாகப் பேசிய இயக்கத்தின் தலைவர் மெஸ்ஸாலி. அவருடைய ஆட்களைத்தான் விடுதலையின் பெயரால் வெட்டினார்கள்.

கள்ளிச்செடி | நவம்பர் 2, மாலை 4.20

துனிசியா, மொராக்கோ நல்ல கேள்வி. வகுப்பில் ஒரு மாணவன் கேட்டிருந்தால் முதல் வரிசைக்கு அழைத்திருப்பேன்.

அவை இரண்டும் பாதுகாப்பு நாடுகள், அதாவது சொந்த மன்னரை வைத்துக்கொண்டே பிரான்சின் பிடியில் இருந்தவை. பேருக்காவது துனிசியாவில் 'பே' என்ற மன்னர் இருந்தார், மொராக்கோவில் ஒரு சுல்தான் இருந்தார். கையெழுத்துப் போட எதிரே ஓர் ஆள் இருந்தார். அல்ஜீரியாவோ 1848 முதல் அல்ஜியர்ஸ், ஓரான், கான்ஸ்டன்டைன் என்று மூன்று பிரெஞ்சு மாவட்டங்கள். சட்டப்படி மார்சேய் எப்படியோ ஓரான் அப்படி. தன் மாவட்டத்துக்கு எந்த அரசு விடுதலை கொடுக்கும்? உள்துறை அமைச்சராக இருந்த மித்தரான் 1954-இல் "அல்ஜீரியா என்றால் பிரான்ஸ்" என்றது வெறும் ஆவேசம் இல்லை, ஏட்டில் இருந்த சட்டம். இன்னொன்றையும் விட்டுவிட்டீர்கள்: அந்த இரண்டு நாடுகளிலும் ஆயுதக் குழுக்கள் இருந்தன. இரண்டையும் பிரான்ஸ் சீக்கிரம் கைகழுவியதற்கு ஒரு காரணம், படையை முழுக்க அல்ஜீரியாவில் குவிக்க வேண்டியிருந்ததுதான். பக்கத்து வீட்டுக்காரர் நிம்மதியாகக் குடிபோனார் என்றால், தீ இந்த வீட்டில் எரிந்துகொண்டிருந்தது என்பதும் அதற்கு ஒரு காரணம்.

வாக்குப்பெட்டிக்கு வருகிறேன். 1947-இல் அல்ஜீரியாவுக்கு ஒரு சட்டமன்றம் கொடுத்தார்கள். 120 இடம். 60 இடம் ஐரோப்பியரும் கொஞ்சம் முஸ்லிம்களும் சேர்ந்த முதல் வாக்காளர் பிரிவுக்கு, 60 இடம் மற்ற எல்லா முஸ்லிம்களுக்கும். அதாவது ஒரு குடியேறியின் ஓட்டு எட்டு, ஒன்பது உள்ளூர்க்காரர் ஓட்டுக்குச் சமம். அந்த அரைப் பங்கையாவது நேர்மையாகக் கொடுத்தார்களா? 1948 தேர்தலில் ஆளுநர் நேஜலன் நிர்வாகமே பெட்டிகளை நிரப்பியது, வேட்பாளர்களைக் கைது செய்தது. "நேஜலன் தேர்தல்" என்று பிரெஞ்சிலேயே அது ஒரு வசைச்சொல் ஆனது.

1945 மே 8-ஐ நீங்கள் குறிப்பிடவே இல்லை. ஐரோப்பாவில் ஹிட்லர் வீழ்ந்த நாள். செத்தீஃபில் வெற்றி ஊர்வலத்தில் அல்ஜீரியக் கொடியைப் பிடித்தவர்களைப் போலீஸ் சுட்டது. கூட்டம் ஐரோப்பியர்மீது பாய்ந்தது; 102 பேர் இறந்தார்கள். பதிலுக்குச் செத்தீஃப், கெல்மா, கெர்ராத்தா வட்டாரங்களில் விமானத்திலிருந்து குண்டு, கடலிலிருந்து பீரங்கி, கெல்மாவில் குடியேறிகளே அமைத்த காவல்படையின் வேட்டை. பிரெஞ்சு அரசுக் கணக்கு ஆயிரத்துச் சொச்சம், அல்ஜீரியக் கணக்கு 45,000. ஐயா, பொறுமைக்கு அப்போதே ஈமக்கடன் முடிந்துவிட்டது. 1954-இல் நடந்தது அதற்கடுத்த காரியம்.

சொல்தாபேரன் | நவம்பர் 2, இரவு 10.48

ஐயா, அக்கா, இருவருக்கும் வணக்கம். என் பெயரிலேயே எல்லாம் இருக்கிறது; சொல்தா என்றால் பிரெஞ்சில் படைவீரர். தாத்தா பிரெஞ்சுப் படையில் இருந்த புதுச்சேரிக்காரர். முதலில் இந்தோசீனா, பிறகு 1957 முதல் 1959 வரை அல்ஜீரியா. துப்பாக்கி தூக்கியவர் இல்லை, கிடங்கில் கணக்கு எழுதியவர். ஓய்வூதியம் பிராங்கில் வந்தது, அப்புறம் யூரோவில் வந்தது. இந்தோசீனாக் கதைகளை வாய் ஓயாமல் சொல்வார். அல்ஜீரியாவைப் பற்றி வாயே திறக்க மாட்டார்.

ஒரே ஒரு முறை சொன்னார். மலைக் கிராமத்தைக் காலிசெய்து மக்களை முள்வேலிக்குள் கொண்டுவந்து வைத்திருந்தார்களாம். அவர்களுக்குப் போகும் மாவு மூட்டைக்குக் கணக்கு எழுதுவது இவர் வேலை. "மூட்டை கணக்கில் சரியாக இருக்கும், குழந்தைகள் எண்ணிக்கைதான் வாரத்துக்கு வாரம் குறையும்" என்றார். பிறகு எழுந்து போய்விட்டார். அப்படி முகாம்களுக்குள் தள்ளப்பட்டவர்கள் 20 லட்சத்துக்கு மேல் என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன்.

எனக்கு இருவரிடமும் ஒரு குறை உண்டு. இரண்டு தரப்புதான் இருந்தது போல வாதிடுகிறீர்கள். ஹர்க்கிகள் எங்கே? பிரெஞ்சுப் படைக்குத் துணையாக நின்ற அல்ஜீரியர்கள். சிலர் கூலிக்காக, சிலர் முன்னணி தங்கள் வீட்டில் யாரையோ கொன்றதால், சிலர் ஊர்த் தலைவர் சொன்னதால் சேர்ந்தவர்கள். 1962-இல் பிரான்ஸ் அவர்களுடைய ஆயுதத்தை வாங்கிக்கொண்டு, கப்பலில் ஏற்றாதே என்று தன் அதிகாரிகளுக்கே ஆணையிட்டது. ஆயிரக்கணக்கில், பலர் கணக்குப்படி பல்லாயிரக்கணக்கில், வெட்டப்பட்டார்கள். தப்பிப் பிரான்சுக்குப் போனவர்களை அங்கே ரிவசால்ட் போன்ற முகாம்களில் அடைத்தார்கள். தாத்தாவும் அந்நியக் கொடிக்கு வேலை செய்தவர்தான். ஆனால் அவர் திரும்பிவந்த ஊரில் யாரும் அவர் கழுத்தைத் தேடவில்லை. திண்ணையில் உட்கார்ந்து சுருட்டுப் பிடித்தார். அந்த வேறுபாட்டுக்கும் யாராவது விளக்கம் சொல்லுங்கள்.

ஒற்றைவரி | நவம்பர் 2, இரவு 11.02

விளக்கம்: பக்கத்தில் நேரு இருந்தார், சுற்றிலும் இந்தியச் சுங்கவேலி இருந்தது, அல்ஜீரிய எல்லையிலோ பிரெஞ்சுப் படை போட்ட மின்வேலிதான் இருந்தது.

கடற்கரைச்சாலை | நவம்பர் 3, காலை 6.50

தம்பி, உங்கள் தாத்தாவின் மூட்டைக் கணக்கைப் படித்த பிறகு இரவு தூக்கம் வரவில்லை.

ஒற்றைவரி சொன்னதையும் ஒப்புக்கொள்கிறேன், எரிச்சலோடு. நம் "அமைதி"க்குப் பின்னால் ஒரு பெரிய நாட்டின் எல்லைக் கெடுபிடி இருந்தது; 1936 ஜூலை 30-இல் ஆலைத் தொழிலாளர் பன்னிரண்டு பேர் சுடப்பட்டதும் இருந்தது. கத்தியின்றி ரத்தமின்றி என்று முழுதாகச் சொல்ல முடியாது. பத்து ஆண்டு பொறுத்திருக்கலாம் என்ற வரியைத் திரும்பப் பெறுகிறேன். 1948 தேர்தல் விவரம் எனக்குத் தெரியாது.

ஆனால் என் இரண்டாவது வாதத்தை யாரும் தொடவில்லை: துப்பாக்கியைக் கீழே வைக்கவில்லை என்பது. அபான் ரம்தானை எடுத்துக்கொள்ளுங்கள். 1956 ஆகஸ்டில் சும்மாம் பள்ளத்தாக்கில், பிரெஞ்சுப் படையின் மூக்குக்குக் கீழே மாநாடு கூட்டி, படைக்கு மேல் அரசியல், வெளியில் இருப்பவர்களுக்கு மேல் உள்ளே போராடுபவர்கள் என்று தீர்மானம் நிறைவேற்றிய மூளை அவர். 1957 டிசம்பரில் சொந்தத் தோழர்களே அவரை மொராக்கோவுக்கு வரவழைத்துக் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். சில மாதம் கழித்து முன்னணியின் இதழ், அவர் போர்க்களத்தில் வீரமரணம் அடைந்ததாக எழுதியது!

1962 கோடையில் என்ன நடந்தது? போர்க்காலம் முழுதும் துனிசியா, மொராக்கோ எல்லைக்கு அப்பால் இருந்த படை, பூமெதியென் தலைமையில் புத்தம்புது ஆயுதங்களோடு அல்ஜியர்ஸ் நோக்கி நடந்தது. உள்ளே இருந்து போராடிக் களைத்த குழுக்களைச் சுட்டுக்கொண்டே வந்தது. "ஏழு ஆண்டு போதும்" என்று மக்கள் தெருவில் இறங்கிக் கத்தினார்கள். 1965-இல் பூமெதியென் அதே படையால் குடியரசுத் தலைவர் பென் பெல்லாவையும் கவிழ்த்தார். உங்கள் அப்பாஸ், அம்மா, விடுதலைக்குப் பிறகு இரண்டு ஆட்சியிலும் வீட்டுக்காவலில் இருந்தார். காலனி ஆட்சியும் அவரைச் சிறையில் வைத்தது, சொந்த நாடும் வைத்தது.

கள்ளிச்செடி | நவம்பர் 3, காலை 11.30

அபானைப் பற்றி நீங்கள் எழுதியதில் ஒரு சொல்லும் தவறில்லை. ஆனால் கதையைப் பாதியில் தொடங்குகிறீர்கள்.

உள்ளே இருந்த அரசியல் தலைமையை யார் அழித்தார்கள்? 1957 ஜனவரியில் ஜெனரல் மாஸ்யுவின் வான்குடைப் படையிடம் அல்ஜியர்ஸ் போலீஸ் அதிகாரம் முழுவதையும் பிரான்ஸ் ஒப்படைத்தது. சித்திரவதைக்கு மின்சாரம், தண்ணீர்த் தொட்டி, அப்புறம் காணாமல் போதல். முன்னணித் தலைவர் லர்பி பென் மிஹிதியைப் பிப்ரவரியில் பிடித்தார்கள், மார்ச் தொடக்கத்தில் சிறையில் தற்கொலை செய்துகொண்டதாக அறிவித்தார்கள். படையினர்தாம் கொன்றார்கள் என்று பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் ஒப்புக்கொண்டது 2024 நவம்பர் 1-இல்! 67 ஆண்டு. அல்ஜியர்ஸ் போலீஸ் நிர்வாகத்தில் இருந்த பால் தெத்ஜன் ஜெர்மானியரிடம் சித்திரவதை அனுபவித்தவர். அதே வேலையைத் தம் நாடு செய்வதைப் பார்த்துப் பதவி விலகினார். 3,024 பேர் காணாமல் போனதாக அவர் கணக்கு. ஜெனரல் பொலார்தியேர் சித்திரவதையை எதிர்த்தார். அவருக்கு 60 நாள் கோட்டைச் சிறை. சித்திரவதை செய்தவர்கள் யாருக்கும் ஒரு நாள்கூட இல்லை.

உள்ளே இருந்தவர்கள் செத்தார்கள், வெளியே மின்வேலிக்கு அப்பால் இருந்த படை முழுசாகத் தப்பியது. 1962-இல் துப்பாக்கியோடு யார் எஞ்சினார்களோ அவர்கள் ஆண்டார்கள். அந்தத் தேர்வை அல்ஜீரியர் மட்டும் செய்யவில்லை.

தாழம்பூ | நவம்பர் 3, பிற்பகல் 2.10

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். குடியேறிகள் எல்லாரும் திராட்சைத் தோட்ட முதலாளிகள் என்பது போல ஒரு சித்திரம் வருகிறது. அப்படி இல்லை. பெரும்பாலோர் நகரத்தில் இருந்த எழுத்தர், டிராம் ஓட்டுநர், மளிகைக் கடைக்காரர். பலருடைய மூதாதையர் பிரெஞ்சுக்காரரே இல்லை. ஸ்பெயின், இத்தாலி, மால்ட்டா ஏழைகள். பாரிஸ்காரனை விடக் குறைந்த வருமானம், ஆனால் பக்கத்து முஸ்லிமை விடப் பல மடங்கு. அந்த இடைவெளிதான் அவர்கள் சொத்து, அதைத்தான் காக்க நின்றார்கள். 1962-இல் அவர்கள் சொல்லிக்கொண்ட வாசகம் நம் மொழியில் எதுகையோடு வந்து விழுகிறது: "பெட்டியா, சவப்பெட்டியா?" ஒரே ஆண்டில் 8 லட்சம் பேர் வரை கப்பல் ஏறினார்கள். முன்னணிமீது இருந்த அச்சம் ஒரு பக்கம்; அல்ஜீரியாவை விடக்கூடாது என்ற சொந்த இனத்து ஓ.ஏ.எஸ். தீவிரவாதிகள், போரை நிறுத்திய எவியான் ஒப்பந்தத்துக்குப் பிறகும் வைத்த குண்டுகள் மறுபக்கம். ஜூன் 7-இல் அல்ஜியர்ஸ் பல்கலைக்கழக நூலகத்தையே எரித்தார்கள். எங்களுக்கு இல்லாத நூல் உங்களுக்கும் வேண்டாம் என்று.

இன்னொரு கேள்வி. மில்க் பார் கஃபேயில் குண்டு வைத்த ஜொஹ்ரா த்ரிஃப், மரண தண்டனை விதிக்கப்பட்ட ஜமீலா பூஹிரத் பெயர்களை எல்லாரும் சொல்கிறோம். அந்த நாடு 1984-இல் கொண்டுவந்த குடும்பச் சட்டம், வயதுவந்த பெண்ணும் ஆண் காப்பாளர் வழியாகத்தான் திருமணம் செய்ய வேண்டும் என்றது. குண்டு சுமக்கும்போது காப்பாளர் தேவைப்படவில்லை.

சொல்தாபேரன் | நவம்பர் 3, இரவு 9.25

ஐயா கேட்ட முதல் கேள்விக்கே திரும்புகிறேன். தாத்தாவின் பெட்டியில் இருந்த காகிதங்களைப் பார்த்தேன்.

1881 என்ற ஆண்டை இரண்டு ஊரிலும் வைத்துப் பாருங்கள். அந்த ஜூனில் அல்ஜீரியாவுக்கு உள்ளூர்க்காரர் சட்டம்: அனுமதியின்றி ஊர் விட்டுப் போனால் தண்டனை, மரியாதைக் குறைவாகப் பேசினால் தண்டனை. அந்தச் செப்டம்பரில் புதுச்சேரிக்கு ஓர் ஆணை: சொந்தச் சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்றால் நீ பிரெஞ்சுக்காரன். எங்கள் குடும்பம் அப்படித்தான் "ரெனோன்சான்", அதாவது துறந்தவர், ஆனது. இங்கே துறக்காதவர்களுக்கும் ஓட்டு இருந்தது. அங்கே 1865-இலேயே துறக்கும் வழி திறந்திருந்தும், மதத்தை விடுவதாகக் கருதி மிகச் சிலரே போனார்கள். போனவர்களையும் அதிகாரிகள் இழுத்தடித்தார்கள். கள்ளிச்செடி அக்கா சொன்ன விடை இதிலும் இருக்கிறது: இங்கே நமக்கு ஓட்டுக் கொடுத்ததால் எந்த வெள்ளைக்காரனும் தோட்டத்தை இழக்கப் போவதில்லை.

ஆனால் ஐயா, உங்கள் தலைப்பில் ஒரு பிழை. 1954 நவம்பர் 1-இல் கைமாறியது நிர்வாகம் மட்டும். சட்டப்படி ஒப்படைக்கும் உடன்படிக்கை 1956 மே 28-இல் கையெழுத்தானது. பிரெஞ்சு நாடாளுமன்றம் அதை ஆறு ஆண்டு கிடப்பில் போட்டது. பிரெஞ்சு மண்ணில் ஓர் அங்குலத்தைச் சட்டப்படி விட்டுக்கொடுத்தால் அல்ஜீரியாவுக்கு முன்னுதாரணம் ஆகிவிடும் என்ற அச்சம். 1962 ஜூலை 5-இல் அல்ஜீரியா விடுதலையைக் கொண்டாடியது. அதே ஜூலையில் நம் உடன்படிக்கைக்கு ஒப்புதல் கிடைத்தது, ஆகஸ்ட் 16-இல் நாம் சட்டப்படி இந்தியா ஆனோம். அவர்கள் போர் முடியும் வரை நம் காகிதம் காத்திருந்தது.

ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமா என்று எழுதித் தரச் சொன்னார்கள். தாத்தா வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். அவருடைய தம்பி கொடுக்கவில்லை. ஒரே வீட்டுக்குள் இரண்டு நாடு, நடுவில் ஒரு முற்றம்.

கடற்கரைச்சாலை | நவம்பர் 4, காலை 7.15

தலைப்பைத் திருத்தப் பார்த்தேன், நேரம் கடந்துவிட்டது என்று தளம் மறுக்கிறது. இருக்கட்டும். ஆகஸ்ட் 16-க்குக் கிழூர் நினைவிடத்தில் ஒவ்வோர் ஆண்டும் கொடியேற்றுவார்கள். எதற்கு இரண்டாவது விழா என்று முணுமுணுத்தவன் நான்.

கள்ளிச்செடி அம்மா, எல் ஹாலியாவைப் பற்றிக் கேட்டேன். நீங்கள் பதில் சொல்லவே இல்லை.

கள்ளிச்செடி | நவம்பர் 4, காலை 8.40

கவனித்துவிட்டீர்கள். அடுத்த சில நாளில் பிரெஞ்சுப் படை 1,273 பேரைக் கொன்றதாகத் தானே ஒப்புக்கொண்டது, முன்னணி 12,000 என்றது என்று எழுதி நேற்றே தட்டச்சு செய்தேன். அனுப்பவில்லை. நீங்கள் கேட்டது குழந்தைகளைப் பற்றி. அதற்கு இன்னொரு எண்ணைப் பதிலாகக் கொடுப்பது சரியாகப் படவில்லை. அந்தப் போர் நியாயம் என்று இன்னமும் நினைக்கிறேன். எல் ஹாலியாவுக்கு என்னிடம் நியாயம் இல்லை.

தம்பி, தாத்தாவின் காகிதங்களைப் பத்திரமாக வையுங்கள். கரையான் வரும் மாதம் இது.